திருகோணமலையில் இருந்துகொண்டே தொலைநாடக எழுத்தாளராக, தயாரிப்பாளராக வர முடியுமா?

உப்புவெளியில் இருந்து ஒரு தங்கச்சி கேட்டிருக்கிறா: "உயர்தரத்தில் நாடகமும் அரங்கியலும் படித்தேன். கதை எழுதுகிறேன். அமெரிக்காவில் தொடர் நாடகத்தை எழுதுகிறவரே அதன் தயாரிப்பாளராகவும் இருக்கிறார் என்று வாசித்தேன். எங்கட பக்கத்தில் எழுதுகிறவரின் பெயர் ஒரு நொடியில் ஓடி மறைந்துவிடுகிறது. அப்படி ஒரு தொழிலுக்கு இங்கே இருந்துகொண்டு வர முடியுமா? எங்கே தொடங்குவது?"

வரலாம், தங்கச்சி. ஆனால் முதலில் எழுத்தாளராக வருவோம், தயாரிப்பைப் பிறகு பார்க்கலாம் என்று பிரித்துவைத்தால் கதை உங்கள் கையை விட்டுப் போய்விடும். ஒரு காட்சிக்கு எவ்வளவு செலவு என்று தெரியாத எழுத்தாளரின் காட்சியை, செலவு தெரிந்த வேறு யாரோ வெட்டுவார்கள். வெட்டுகிற ஆள்தான் கடைசியில் அந்த நாடகத்தை எழுதியவர் ஆகிறார். கொழும்பில் வானொலி நாடகத்தில் தொடங்கி, தொலைநாடகத்துக்கு வசனம் எழுதி, பிறகு தயாரிப்புப் பக்கம் வந்து, இப்போது திருமலையில் இருந்தே வேலை செய்கிறவன் நான். எனக்குத் தெரிந்த அளவில் சொல்கிறேன்.

நீங்கள் வாசித்த அமெரிக்க முறையில் இருந்து தொடங்குவோம். அங்கே ஒரு தொடரின் பெயரோட்டத்தில் தயாரிப்பாளர் என்று வருகிற பலர் காசு போட்டவர்கள் இல்லை, எழுத்தாளர்கள். பல எழுத்தாளர்கள் ஓர் அறையில் கூடியிருந்து ஒரு பருவம் (சீசன்) முழுவதற்கும் கதையைக் கட்டுகிறார்கள். புதிதாகச் சேருகிறவர் ஊழிய எழுத்தாளர். தாக்குப்பிடித்தால் கதை ஆசிரியர், இணைத் தயாரிப்பாளர், தயாரிப்பாளர், மேற்பார்வைத் தயாரிப்பாளர் என்று படிப்படியாக ஏறி நிறைவேற்றுத் தயாரிப்பாளராக வரலாம். ஏற ஏற எழுத்தோடு நடிகர் தெரிவு, படப்பிடிப்பு, படத்தொகுப்பு, செலவு எல்லாம் கைக்கு வருகின்றன. உச்சியில் நிற்கிறவரை ஷோரன்னர் என்கிறார்கள். ஓர் அத்தியாயத்துக்கு ஓர் இயக்குநர் என்று மாறிக்கொண்டே இருப்பார்கள், ஷோரன்னர் மாறமாட்டார்.

டேவிட் சேஸ் என்பவரை எடுத்துக்கொள்ளுங்கள். 1970களில் மற்றவர்கள் உருவாக்கிய துப்பறியும் தொடர்களில் எழுதி, அங்கேயே தயாரிப்பாளர் படிக்கும் ஏறியவர். அவருக்குப் பெரும் பெயர் வாங்கிக்கொடுத்த 'தி சொப்ரானோஸ்' 1999 ஜனவரியில் ஒளிபரப்பாகத் தொடங்கியபோது அவருக்கு வயது 53. அது 86 அத்தியாயங்கள் ஓடி 2007 இல் முடிந்தது. அதற்கு முந்திய இருபது, இருபத்தைந்து வருடமும் வேறொருவரின் நாடகத்தை நேரத்துக்கும் செலவுக்கும் உள்ளே முடித்துக்கொடுத்துப் படித்த காலம்.

அந்த ஏணி அங்கேயும் ஆட்டம் கண்டது. 2023 மே 2 இல் தொடங்கி 148 நாள் நடந்த எழுத்தாளர் வேலைநிறுத்தத்தில் சம்பளம் மட்டும் பிரச்சினையாக இருக்கவில்லை. படப்பிடிப்புத் தொடங்க முன்பே எழுத்தாளர்களைக் கணக்குத் தீர்த்து அனுப்பிவிடுகிறார்கள், தளத்துக்குப் போகாத எழுத்தாளர் தயாரிப்பை எப்போது படிப்பார் என்பதும் ஒரு முக்கியமான முறைப்பாடு. நான் மேலே சொன்னதும் இதுதான். எழுத்தையும் தயாரிப்பையும் பிரித்துவிட்டால் அடுத்த தலைமுறை வராது.

தமிழில் இந்த ஏணி ஒழுங்காக இருந்ததே இல்லை. தமிழ்நாட்டுத் தொடர்களில் கதை ஒருவர், திரைக்கதை ஒருவர், வசனம் இன்னொருவர் என்று வேலை துண்டுதுண்டாகப் பிரிந்திருக்கும். வசனம் எழுதுகிறவர் நாளைக்கு எடுக்கப்போகும் காட்சியை இன்றிரவு எழுதி வட்ஸ்அப்பில் அனுப்புவார். அதில் கெட்டித்தனம் இருக்கிறது, அதிகாரம் இல்லை. அதிகாரம் எடுத்தவர்களின் பாதையைப் பார்த்தால், எல்லோரும் ஏதோ ஒரு கட்டத்தில் சொந்த நிறுவனம் வைத்தவர்கள். கே. பாலசந்தர் கணக்காளர் நாயகம் அலுவலகத்தில் வேலை செய்துகொண்டே மேடை நாடகம் எழுதியவர். அங்கிருந்து சினிமா, பிறகு தொலைக்காட்சி. 1990களில் மின் பிம்பங்கள் என்ற நிறுவனத்தின் மூலம் தான் இயக்காத தொடர்களையும் தயாரித்தார். 2002 இல் தொடங்கிய 'மெட்டி ஒலி'யை எழுதி இயக்கிய திருமுருகன் அப்போது வேறொரு நிறுவனத்துக்கு வேலை செய்தார். பிறகு 'நாதஸ்வரம்' வந்தபோது அது அவருடைய சொந்த நிறுவனமான திரு பிக்சர்ஸின் தயாரிப்பு. ராதிகா நடிகையாக வந்தவர். ராடான் நிறுவனத்தை வைத்திருந்தபடியால் எந்தக் கதை எவ்வளவு காலம் ஓட வேண்டும் என்று பேசக்கூடிய இடத்தில் இருந்தார்.

இவர்களுக்குப் பின்னால் ஒரு வியாபார முறையும் இருந்தது. அந்தக் காலத்தில் சென்னையில் தயாரிப்பாளர் அலைவரிசைக்குக் கட்டணம் கட்டி நேரத்தை எடுப்பார், அந்த நேரத்துக்குள் கிடைக்கும் விளம்பர நொடிகளை விற்றுத் தன் செலவைத் தேடிக்கொள்வார். நட்டமும் அவருக்கு, இலாபமும் அவருக்கு. அதனால்தான் கதை மீது அவருக்குப் பிடி இருந்தது. அலைவரிசையே காசு கொடுத்துச் செய்விக்கும் முறையில் தலைவலி குறைவு, ஆனால் கதை அலைவரிசையின் சொல்லுக்குத்தான் ஆடும்.

இனி எங்கட நாட்டுக்கு வருவோம். ரூபவாஹினி 1982 பெப்ரவரியில் தொடங்கியது. 1998 இல் சக்தி, 2009 இல் வசந்தம் என்று தமிழுக்கே அலைவரிசைகள் வந்தன. அப்படியிருந்தும் எங்கட வீடுகளில் பின்னேரம் ஓடுவது பெரும்பாலும் சென்னைத் தொடர்கள். எங்கட ஆட்களுக்குத் திறமை இல்லை என்று சொல்கிறவர்களோடு எனக்கு உடன்பாடே இல்லை. கணக்கைப் பாருங்கள். 2012 குடிசன மதிப்பீட்டின்படி இலங்கைத் தமிழர், மலையகத் தமிழர், முஸ்லிம்கள் எல்லோரையும் சேர்த்தாலும் ஐம்பது இலட்சம் பேர்தான். 2011 இல் தமிழ்நாட்டின் சனத்தொகை ஏழு கோடிக்கு மேல். அங்கே ஓடிச் செலவை எடுத்துவிட்ட தொடரை வாங்கிப் போடுவது அலைவரிசைக்கு மலிவு. அதே அரை மணி நேரத்துக்கு இங்கே புதிதாக எடுப்பதென்றால் கமரா, ஒளி, நடிகர், வாகனம், சாப்பாடு எல்லாம் முதலில் இருந்து. ஐம்பது இலட்சம் பேரை நம்பி விளம்பரம் கொடுப்பவர் கொடுக்கிற காசு அதற்குக் காணாது. ஆகவே இங்கே தொலைநாடகம் செய்ய நினைக்கிறவருக்கு முதல் கேள்வி "என்ன கதை?" என்பதோடு சேர்ந்தே வருகிறது: "இதை எவ்வளவு குறைந்த செலவில், மலிவாகத் தெரியாமல் எடுக்கலாம்?"

வானொலிக் காலத்தில் இந்தக் கேள்விக்குப் பதில் கிடைத்திருந்தது. சில்லையூர் செல்வராசன் எழுதிய 'தணியாத தாகம்' மக்கள் வங்கியின் அனுசரணையோடு இலங்கை வானொலியில் தொடராகப் போனபோது சனம் வானொலிப் பெட்டியைச் சுற்றி இருந்து கேட்டது. எங்கட பேச்சு, எங்கட குடும்பம், உள்ளூர் அனுசரணை. குரலும் ஒலியும் மட்டும் போதும் என்பதால் செலவு கைக்குள் இருந்தது. பார்க்கிற ஊடகத்தில் அந்தச் சிக்கனத்தைக் கொண்டுவரும் வேலை எழுத்தாளருடையது. எழுதி முடிந்த பிறகு வேறு யாராலும் அதைச் செய்ய முடியாது.

ஓர் உதாரணத்தைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். திருமலையில் கதை எழுதுகிற எல்லோருக்கும் முதலில் வருவது கடல். நீங்கள் இப்படி எழுதியிருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். விடியற்காலை, நிலாவெளிக் கடல், ஒரு படகு. உள்ளே அண்ணனும் தம்பியும். தங்கச்சியின் கலியாணத்துக்காக இஞ்சினை விற்பதா இல்லையா என்று சண்டை. எழுதும்போது ஒரே பக்கம். எடுக்கும்போது கமராவுக்கு இன்னொரு படகு வேண்டும். இரண்டு படகுக்கும் வாடகை, எண்ணெய், ஓட்டுகிற ஆள், எல்லோருக்கும் உயிர்காப்பு அங்கி. விடியற்கால வெளிச்சம் அரை மணி நேரத்துக்கு மேல் நிற்காது, அதனால் ஒரு நாளில் முடியாது, அடுத்த நாள் கடல் அதே நிறத்தில் இருக்காது. இஞ்சின் சத்தத்தில் வசனம் கேட்காது, எல்லாவற்றையும் பிறகு ஒலிப்பதிவுக் கூடத்தில் பேச வைக்க வேண்டும். உங்கள் தயாரிப்பாளர் இந்தப் பக்கத்தைப் பார்த்ததும், "ரெலிபோனில் சண்டை பிடிக்கட்டும்" என்று மாற்றிவிடுவார். கதை செத்துவிடும்.

அதே சண்டையைக் கரைக்குக் கொண்டுவந்து மீன்பிடிக்காரரின் கொட்டிலான வாடிக்குப் பக்கத்தில் வைக்கலாம். பாதிச் செலவு குறையும். இன்னும் ஒரு படி போய்ப் பாருங்கள். குசினி. அம்மா பாரை மீன் வெட்டுகிறா. கலியாணப் பெண் தேங்காய் திருவுகிறாள். வெளி விறாந்தையில் அண்ணன் தம்பியின் குரல், ஆட்கள் தெரியவில்லை. "இஞ்சின்" என்ற சொல் உள்ளே விழுகிறது. அம்மாவின் கத்தி நிற்கிறது. திருவலைச் சத்தமும் நிற்கிறது. இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. கொஞ்ச நேரத்தால் அம்மா, "கட்டிப்பாலை வேறயா எடுத்து வை பிள்ளை" என்கிறா. திருவல் மறுபடி தொடங்குகிறது, முன்னையிலும் வேகமாக.

ஒரே அறை, முகம் தெரிகிற இரண்டு நடிகைகள், குரல் மட்டும் இரண்டு, அரை நாள் வேலை. படகில் இருந்தபோது கதையில் இல்லாத ஒன்றும் இப்போது வந்துவிட்டது. யாருக்காக இஞ்சின் விலைப்படுகிறதோ அந்தப் பிள்ளை அதைக் கேட்டுக்கொண்டு இருக்கிறாள். செலவைக் குறைக்கப் போய்க் காட்சி பெரிதாகிற இடம் இது. எழுதுகிறவரே தயாரிப்பாளராக இருப்பதில் எனக்கு மிகவும் பிடித்த பகுதியும் இதுவே. படகை விட்டுவிட வேண்டாம். பத்து அத்தியாயத்துக்கு ஒருக்கால், கதை உண்மையிலேயே கடலுக்குப் போக வேண்டிய நாளில், மிச்சம் பிடித்த காசை எல்லாம் அங்கே போடுங்கள்.

இந்தக் கணக்கு எழுத்துக்குள்ளேயே வரவேண்டும். அரை மணி நேர நிகழ்ச்சியில் விளம்பரம் போக இருபத்திரண்டு நிமிடமளவில் கதை நிற்கும். பிரதியில் ஒரு பக்கம் ஏறத்தாழ ஒரு நிமிடம். தொடர் என்றால் கிட்டத்தட்ட ஒரு நாளைக்கு ஓர் அத்தியாயம் எடுத்தால்தான் கட்டுப்படியாகும். ஆகவே ஓர் அத்தியாயத்தில் மூன்று இடத்துக்கு மேல் போனால், கமராவை இறக்கி ஏற்றுவதிலேயே பொழுது போய்விடும். உங்கள் பிரதி முடிந்ததும் ஒரு கொப்பியில் இடம், பாத்திரம், பகலா இரவா, வாகனம், எத்தனை பேருக்குச் சாப்பாடு என்று காட்சி காட்சியாக எழுதிப் பாருங்கள். சாப்பாட்டையும் வாகனத்தையும் சின்ன விஷயமாக நினைக்காதீர்கள். நான் பார்த்த அளவில், நடிகர் சம்பளத்தில் உடைந்துபோன தயாரிப்பை விட இந்த இரண்டிலும் உடைந்துபோன தயாரிப்புத்தான் கூட.

ஊரையும் காலத்தையும் வைத்து எழுதுவது திருமலைக்காரருக்குக் கூடுதலாகத் தெரிந்திருக்க வேண்டும். மே கடைசியில் இருந்து செப்டெம்பர் வரை கச்சான் காற்று வீசும். கடல் தணிந்து நல்ல வெளிச்சம் இருக்கும், ஆனால் மத்தியானத்துக்குப் பிறகு வெளியில் வசனம் எடுக்க முடியாது, மைக்கில் காற்றுத்தான் விழும். வெளிக் காட்சியைக் காலையில் வைத்து, பின்னேரத்துக்கு வீட்டுக்குள் போகிற மாதிரி எழுதுங்கள். நவம்பரில் இருந்து ஜனவரி வரை வாடையும் மழையும். அந்தக் காலத்தில் எடுப்பதென்றால் மழை பெய்கிற கதையாகவே எழுதிவிடுவது நல்லது.

அனுமதியும் எழுத்தோடு சேர்ந்தது. பிரட்றிக் கோட்டைக்குள் இராணுவம் இருக்கிறது, கோணேசர் கோயிலுக்குப் போகிற பாதையும் அதற்குள்ளால்தான். துறைமுகத்தைச் சுற்றிக் கடற்படை. கன்னியா வெந்நீரூற்று தொல்பொருள் திணைக்களத்தின் கீழ், புறாத்தீவு வனசீவராசிகள் திணைக்களத்தின் கீழ். ட்ரோன் பறக்கவிடச் சிவில் விமானப் போக்குவரத்து அதிகாரசபையின் விதிமுறைகள் இருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் கடிதம், காத்திருப்பு. முதல் நாடகத்தின் முக்கியமான காட்சியை இந்த இடங்களில் வைக்காதீர்கள். தம்பலகாமத்து வயல் வரம்பும், கிண்ணியாப் பாலத்தடியும், உங்கள் ஒழுங்கையில் இருக்கிற மாமியின் வீட்டு முற்றமும் போதும்.

பேச்சைப் பற்றி ஒன்று. சென்னைத் தொடர் பார்த்துப் பழகியதால் எங்கட பிள்ளைகளின் பிரதியிலும் "என்னங்க", "வாங்க போங்க" வந்துவிடுகிறது. இதை நான் கடுமையாகவே எதிர்க்கிறேன். திருமலைப் பட்டினத்துப் பேச்சும் மூதூர்ப் பேச்சும் கிண்ணியாவின் வாப்பா, உம்மா, ராத்தா என்ற வீட்டுப் பேச்சும் ஒரே பஸ்ஸுக்குள் கேட்கிற ஊர் இது. சிங்களமும் அதே பஸ்ஸில்தான். இவ்வளவு குரல் உள்ள இடத்தில் இருந்துகொண்டு வேறு ஊர்க் குரலில் எழுதுவது பெரிய இழப்பு. ஒவ்வொரு குரலுக்கும் அந்தந்த ஊர் நடிகரையே தேடுங்கள், பிரதியை அவர்களிடம் வாசிக்கக் கொடுத்து, வாயில் தடக்குகிற இடத்தைத் திருத்துங்கள்.

கதைக்கு வேறெங்கும் போகத் தேவையில்லை. 1895 இல் 'மோகனாங்கி' நாவலை எழுதிய சரவணமுத்துப்பிள்ளை திருகோணமலைக்காரர். கடற்கரை மனிதரை அருமையாக எழுதிய வ. அ. இராசரத்தினம் மூதூர்க்காரர். ஆனால் நாடகமாக்க முன் சட்டத்தைப் பாருங்கள். இலங்கையில் 2003 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி எழுதியவர் இறந்து 70 வருடம் வரை உரிமை இருக்கிறது. முன்னவரின் காலம் எப்போதோ கடந்துவிட்டது. பின்னவர் 2001 இல் காலமானவர், ஆகவே குடும்பத்தாரிடம் எழுத்தில் அனுமதி எடுக்க வேண்டும். உங்கள் எழுத்துக்கும் இதே பாதுகாப்பு, எங்கும் பதியத் தேவையில்லாமலே இருக்கிறது. ஆனால் சட்டம் காப்பது எழுதிய எழுத்தை, மனதில் இருக்கிற யோசனையை இல்லை. யாரிடமும் வாயால் கதை சொல்ல முன் எழுதி, திகதியோடு உங்களுக்கே ஒரு மின்னஞ்சல் அனுப்பி வையுங்கள்.

எங்கே தொடங்குவது என்று கேட்டீர்கள். முதலில் கால் மணி நேர வானொலி நாடகம் எழுதுங்கள். காட்சியை முகத்தை நம்பாமல் நடத்தப் பழகுவதற்கு அதைவிட நல்ல பயிற்சி எனக்குத் தெரியாது. படிப்பைத் தொடர விரும்பினால் நிலாவெளி கோணேசபுரியில் கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகத்தில் தொடர்பாடல் கற்கை இருக்கிறது. அரங்கப் பக்கம் போவதென்றால் மட்டக்களப்பில் சுவாமி விபுலாநந்த அழகியற் கற்கைகள் நிறுவகம் இருக்கிறது. பட்டத்தை விட அங்கே சேருகிற கூட்டாளிகள் முக்கியம். பிற்காலத்தில் உங்கள் கமராக்காரரும் படத்தொகுப்பாளரும் அவர்களுக்குள் இருந்துதான் வருவார்கள்.

அடுத்தது, சிங்களத் தொலைநாடகக் குழு இந்தப் பக்கம் படப்பிடிப்புக்கு வந்தால் எப்படியாவது உதவியாளராகப் போய் நில்லுங்கள். தயாரிப்பு முகாமையாளருக்குப் பக்கத்தில் நிற்கக் கிடைத்தால் இன்னும் நல்லது. தொழில் ஒழுங்கு அவர்களிடம் இருக்கிறது, உங்களுக்கு இரண்டு பாஷையும் தெரிந்தால் உங்களை விடமாட்டார்கள். யாரை எத்தனை மணிக்குக் கூப்பிடுவது, மழை வந்தால் எந்தக் காட்சிக்கு மாறுவது என்பதெல்லாம் அங்கே ஒரு கிழமையில் பிடிபடும்.

பிறகு சொந்தமாக ஒரு சின்னத் தொடர். எட்டு அத்தியாயம், ஒவ்வொன்றும் பத்து நிமிடம், இரண்டு வீடு, ஐந்து பாத்திரம். யூடியூப்பில் போடலாம். படத்தொகுப்புக்கு டாவின்சி ரிசால்வ் மென்பொருளின் இலவசப் பதிப்புப் போதும். கமராவில் மிச்சம் பிடித்து மைக்குக்குக் கொடுங்கள். படம் சுமாராக இருந்தால் சனம் பொறுக்கும், சத்தம் கேட்காவிட்டால் பொறுக்காது. எடுக்கத் தொடங்க முன் எட்டுப் பிரதியும் முடிந்திருக்க வேண்டும். அனுசரணைக்குப் புடவைக்கடை, நகைக்கடை என்று ஊரிலேயே கேளுங்கள், ஆனால் முதல் அத்தியாயத்தைக் காட்டிவிட்டுக் கேளுங்கள். காட்டாமல் கேட்டால் கிடைப்பது ஒரு அன்பளிப்பு, காட்டிவிட்டுக் கேட்டால் அடுத்த முறையும் கிடைக்கும்.

அந்த எட்டையும் கையில் வைத்துக்கொண்டு அலைவரிசைக்குப் போனால் எழுதித் தருகிறேன் என்று கேட்கிறவராக அல்லாமல், செய்துகாட்டியவராக உள்ளே போவீர்கள். அங்கே ஒப்பந்தம் நீட்டுவார்கள். காசு எத்தனை தவணையில், எந்த அத்தியாயத்தை ஒப்படைத்ததும் எவ்வளவு என்று அதில் இருக்க வேண்டும். எழுதியது, தயாரித்தது என்ற பெயர் தொடக்கத்தில் எந்த இடத்தில் வரும் என்று இருக்க வேண்டும். மறு ஒளிபரப்புக்கும் யூடியூப்புக்கும் யாருக்கு உரிமை, இரண்டாம் பருவம் செய்தால் பாத்திரங்கள் யாருடையவை, சிங்களத்தில் மீண்டும் எடுத்தால் யாரிடம் கேட்க வேண்டும் என்ற மூன்றுக்கும் தனித்தனி வரி இல்லாவிட்டால், அதை எழுதித் தரச்சொல்லி வாங்கிப் பார்த்த பிறகு கையெழுத்து வையுங்கள்.